சொல்வதைச் செய்கிறாளா?

வங்காரி மாத்தாய் 2011 செப்டம்பர் 25 அன்று நைரோபியில் இறந்தார். தன்னை அடக்கம் செய்வதற்காக ஒரு மரத்தை வெட்டக் கூடாது என்பது அவர் விருப்பம். கென்யாவில் 3 கோடிக்கும் அதிகமான மரங்கள் நடப்படக் காரணமாக இருந்தவர் அவர். குடும்பத்தினர் அந்த விருப்பத்தை நிறைவேற்றினார்கள். மூங்கிலால் சட்டம் கட்டி, ஆகாயத்தாமரை நாரையும் பாப்பிரஸ் கோரையையும் பின்னிச் செய்த பெட்டியில் அவர் உடல் வைக்கப்பட்டது. அக்டோபர் 8 அன்று ஊஹுரு பூங்காவில் அரசு மரியாதை நடந்தது. பிறகு உடல் எரியூட்டப்பட்டது.

சொன்னபடி வாழ்ந்தவர், சொன்னபடியே போனவர் என்று இதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் மாத்தாய் உயிரோடு இருந்த காலத்தில் அவரை எதிர்த்தவர்கள் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் ஒன்று புலப்படும். மரம் நடச் சொல்கிறாயே, நீ நட்டாயா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நீ எப்படிப்பட்ட மனைவி, உன் கணவன் ஏன் உன்னை விட்டுப் போனான் என்றுதான் கேட்டார்கள்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர் முதலில் தான் செய்து காட்ட வேண்டும் என்பது நம் ஊரில் பழைய நியாயம். சூழலைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இந்த நியாயம் இன்னும் கறாராகப் பயன்படுத்தப்படுகிறது. அணை வேண்டாம் என்றால், உன் வீட்டில் மின்விளக்கு எரியவில்லையா என்கிறார்கள். ஆலை வேண்டாம் என்றால், உன் கைப்பேசி எங்கே செய்தது என்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. பெண்களிடம் அது எப்படிக் கேட்கப்பட்டது, ஆண்கள் அதற்குப் பதில் சொன்னபோது யார் விலை கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்துப் படிக்காமல் அந்த வரலாறு முழுமையாகாது.

மணமுறிவும் பூங்காவும்

மாத்தாய் 1971இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். கால்நடை உடற்கூறியல் அவருடைய துறை. கென்யப் பெண்கள் தேசியக் குழுவில் பணியாற்றியபோது கிராமத்துப் பெண்கள் அங்கே வந்து தங்கள் சிக்கல்களைச் சொன்னார்கள். விறகு கிடைக்கவில்லை, ஓடைகள் வற்றிவிட்டன, பிள்ளைகளுக்குச் சத்தான உணவு இல்லை. இந்த எல்லாவற்றின் அடியிலும் மரம் இல்லாமல் போனது இருக்கிறது என்று மாத்தாய் கண்டார். 1977 ஜூன் 5 அன்று நைரோபியின் கமுகுஞ்சி பூங்காவில் 7 கன்றுகள் நடப்பட்டன. பசுமைப் பட்டை இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. கன்று வளர்த்த பெண்களுக்கு, பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் சிறு தொகை கொடுக்கப்பட்டது. நட்டுவிட்டுப் போனால் காசு இல்லை. கன்று வேர்பிடித்து நிற்க வேண்டும்.

1979இல் அவருடைய மணவாழ்க்கை நீதிமன்றத்தில் முடிந்தது. அதிகம் படித்தவள், பிடிவாதக்காரி, கட்டுப்படுத்த முடியாதவள் என்பவை அவர்மீது சொல்லப்பட்ட குறைகளாக நாளிதழ்களில் பேசப்பட்டன. தீர்ப்பளித்த நீதிபதியைப் பற்றிப் பேட்டியில் கடுமையாகப் பேசியதற்காக அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சில நாட்களில் வெளியே வந்தார். தன் குடும்பப் பெயரை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று முன்னாள் கணவர் வற்புறுத்தியபோது, மாத்தை என்ற பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி மாத்தாய் என்று தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1989இல், ஊஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஆளும் கட்சி திட்டமிட்டது. நகரத்து ஏழைகள் ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளோடு வந்து உட்காரக்கூடிய பசும்புல்வெளி அது. மாத்தாய் அரசு அலுவலகங்களுக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் கடிதம் எழுதினார். நாடாளுமன்றம் அதற்குச் சொன்ன பதிலில் கட்டடத்தின் தேவை பற்றியோ கடனை எப்படித் திருப்பிக் கட்டுவது என்பது பற்றியோ பேச்சு அதிகமில்லை. பசுமைப் பட்டை இயக்கம் மணமுறிவு பெற்ற பெண்களின் கூட்டம் என்று உறுப்பினர்கள் கேலி செய்தார்கள். அதிபர் டேனியல் அராப் மோய், ஆப்பிரிக்க மரபில் பெண் என்பவள் ஆண்களை மதித்து வாய்மூடி இருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். இயக்கம் அதுவரை இருந்த அரசுக் கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. மாத்தாய் தன் வீட்டையே அலுவலகமாக்கினார். விவாதத்துக்குத் தேவையான உடலுறுப்பு கழுத்துக்கு மேலே இருப்பது மட்டும்தான் என்று, உடற்கூறியல் படித்தவருக்கே உரிய முறையில் அவர் பதில் சொன்னார்.

முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 22 ஆண்டுகள் கழித்து அவருடைய கோரைப் பெட்டி வைக்கப்பட்ட இடம் அதே பூங்காதான்.

மரம் நடுவதில் மாத்தாய் சொன்னபடி நடந்தவர் என்பதால் அந்தப் பக்கம் குறைகாண இடமில்லை. ஆகவே கேள்வி வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டது. ஒரு பெண் பொதுவெளியில் பேசும்போது அவளுடைய முழு வாழ்க்கையும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. அவள் பேசுகிற பொருளோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கேட்பவர்களுக்கு இல்லை.

மறைக்கப்பட்ட நோய்

அமெரிக்காவில் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ 1962 செப்டம்பரில் நூலாக வந்தது. அதற்கு முன் ஜூனில் நியூயார்க்கர் இதழில் பகுதிகளாக வந்திருந்தது. டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் மண்ணிலும் நீரிலும் தங்கி, புழுவிலிருந்து பறவைக்கும் மீனிலிருந்து மனிதருக்கும் எப்படி ஏறுகின்றன என்று அந்த நூல் விளக்கியது. புற்றுநோய் பற்றியும் அதில் எழுதியிருந்தார்.

அந்த நூலை எழுதிக்கொண்டிருந்தபோதே கார்சனுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. 1960 ஏப்ரலில் அறுவை சிகிச்சையில் ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. கட்டி புற்றுக்கட்டி என்பதை அப்போது மருத்துவர் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பெண்ணின் நோயைப் பெண்ணிடமிருந்தே மறைப்பது அன்றைய மருத்துவத்தில் அரிதான செயலல்ல. அந்த ஆண்டு இறுதியில் வேறொரு மருத்துவரிடம் போன பிறகே உண்மை தெரிந்தது. கதிர்வீச்சு சிகிச்சைக்கு நடுவில் அவர் நூலை முடித்தார். இறந்துபோன அக்காள் மகளின் சிறு பையனைத் தத்தெடுத்து வளர்த்ததும் இதே ஆண்டுகளில்தான். அதற்கு முன் 1958 வரை தாயையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

நோயைப் பற்றி மிக நெருங்கியவர்களைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று கார்சன் உறுதியாக இருந்தார். தெரிந்தால், தன் நோய்க்குப் பழி சுமத்த ஆள் தேடுகிறாள், சொந்தத் துயரத்தை அறிவியல் என்று விற்கிறாள் என்று ரசாயன நிறுவனங்கள் சொல்லிவிடும். 1963 ஏப்ரல் 3 அன்று ஒளிபரப்பான சி.பி.எஸ். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் அமைதியாக அமர்ந்து பேசினார். எதிர்த்தரப்பில் வெள்ளை அங்கி அணிந்த ரசாயன நிறுவன விஞ்ஞானி ஒருவர், கார்சன் சொல்வதைக் கேட்டால் உலகம் இருண்ட காலத்துக்குத் திரும்பிவிடும் என்றார். அதே ஆண்டு ஜூனில் கார்சன் அமெரிக்க செனட் குழுமுன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14 அன்று இறந்தார். அப்போது வயது 56.

அவரைத் தாக்கியவர்கள் பயன்படுத்திய சொற்களைப் பட்டியலிட்டால் நமக்கு ஒன்றும் வியப்பாக இருக்காது. உணர்ச்சிவசப்பட்டவர், பறவைகளையும் பூனைகளையும் கொஞ்சுகிறவர், இயற்கைப் பித்துப் பிடித்தவர். திருமணமாகாத பெண்ணுக்கு வருங்காலச் சந்ததியைப் பற்றி என்ன கவலை என்று முன்னாள் அமைச்சர் ஒருவர் கேட்டதாகவும் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. மாத்தாயைக் கணவன் விட்டுப் போனவள் என்றார்கள். கார்சனைக் கணவனே இல்லாதவள் என்றார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. சொல்கிறவர் தன் வாழ்க்கையால் அதை நிரூபிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆனால் கார்சனின் வாழ்க்கை, அவர் பேசிய பொருளுக்கு மிக அருகில் இருந்த அந்த நோயுற்ற உடல், வெளியே தெரிந்தால் அதுவே அவருக்கு எதிரான ஆதாரம் ஆகிவிடும். வாழ்ந்து காட்டினால் சுயநலம். வாழ்ந்து காட்டாவிட்டால் போலித்தனம். அவர் பூச்சிக்கொல்லிகளை முற்றாக ஒழிக்கச் சொல்லவில்லை. கண்மூடித்தனமாகத் தெளிக்காதீர்கள், தெளிக்கும் முன் மக்களுக்குத் தெரிவியுங்கள் என்றார். அந்த வாதம் சரியா தவறா என்பதற்கும் அவர் உடம்புக்கும் மணவாழ்க்கைக்கும் தொடர்பே இல்லை. 1963 மே மாதம் அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கை அவர் கவலைகளைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. 1972இல் அமெரிக்கா வேளாண்மையில் டி.டி.டி.யைத் தடை செய்தது.

யாருடைய எளிமை?

இந்தியாவில் சூழல் இயக்கங்கள் காந்தியிடமிருந்து எடுத்துக்கொண்ட பெரிய சொத்து, வாழ்ந்து காட்டுதல். குறைவாக நுகர்வது, தன் வேலையைத் தானே செய்வது, தன் கழிவைத் தானே அகற்றுவது. பின்னாளில் அணைகளை எதிர்த்தவர்களும் காடுகளைக் காத்தவர்களும் இந்த மரபில் வந்தவர்கள்தான். ஆகவே அந்த மரபின் தொடக்கத்தில் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்பது நம் கேள்விக்கு அவசியம். அதைக் காந்தியே தன் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1898 வாக்கில் டர்பனில் காந்தியின் வீட்டில் அவருடைய எழுத்தர்கள் சிலரும் தங்கியிருந்தார்கள். அறைகளில் வடிகால் இல்லை. ஒவ்வோர் அறையிலும் இரவில் பயன்படுத்தும் மலச்சட்டி இருந்தது. அதைச் சுத்தம் செய்வது கணவனும் மனைவியும் செய்ய வேண்டிய வேலை என்பது காந்தியின் விதி. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து கிறிஸ்தவரான ஓர் எழுத்தர் புதிதாக வந்தபோது, அவர் சட்டியைத் தூக்கக் கஸ்தூர்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. அழுதுகொண்டே தூக்கினார். அழாமல், மகிழ்ச்சியோடு தூக்க வேண்டும் என்று காந்தி கத்தினார். வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனார். அந்நிய நாட்டில், தாய்வீட்டார் யாரும் இல்லாத இடத்தில், நான் எங்கே போவேன் என்று கஸ்தூர்பா கேட்ட பிறகே அவருக்கு வெட்கம் வந்தது.

இந்த நிகழ்ச்சியை நாம் ஒரே பக்கமாகப் படிக்க முடியாது. கஸ்தூர்பாவின் தயக்கத்தில் சாதி இருந்தது. அதற்கு நாம் பரிந்து பேச வேண்டியதில்லை. ஒருவரின் மலத்தை இன்னொரு சாதிக்காரர் அள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை வீட்டுக்குள்ளேயே உடைக்க வேண்டும் என்ற காந்தியின் நோக்கம் சரியானது. அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. கொள்கை கணவனுடையது. அதை நிறைவேற்றும் உழைப்பில் பாதி மனைவியுடையது. முடிவெடுக்கும் இடத்தில் அவள் இல்லை. முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும் என்பது உட்பட எல்லாம் அவளுக்கு விதிக்கப்பட்டது.

1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்படும்போது அங்குள்ள இந்தியர்கள் தங்க நகைகளும் பொருட்களும் பரிசளித்தார்கள். கஸ்தூர்பாவுக்கென்றே ஒரு தங்க நெக்லஸ் தரப்பட்டது. பொதுப்பணிக்குப் பரிசு வாங்கக் கூடாது என்று காந்தி இரவெல்லாம் யோசித்து, முதலில் மகன்களைச் சம்மதிக்க வைத்தார். பிறகு மனைவியிடம் வந்தார். இந்த நகை என் பணிக்காகத் தரப்பட்டதா, உன் பணிக்காகவா என்று கேட்டார். உங்கள் பணியும் என் பணியும் ஒன்றுதான் என்றார் கஸ்தூர்பா. இரவும் பகலும் உங்களுக்காக உழைத்தேனே, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செய்தேனே, அது பணியில்லையா என்று கேட்டார். நகைகள் அறக்கட்டளைக்குப் போயின. கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

சொன்னபடி வாழ்ந்தாரா என்று கேட்டால் காந்தி வாழ்ந்தார். ஆனால் எளிய வாழ்க்கை எளிதான வாழ்க்கையல்ல. விருந்தினர் நிறைந்த வீட்டில் இயந்திரம் இல்லாமல், வேலையாள் இல்லாமல், சமையலையும் துவைப்பையும் நோயாளிகளையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்காமல் ஓர் ஆணின் எளிமையை அளக்க முடியாது.

நிபந்தனை வைத்த மணமகள்

இதே காந்திய மரபில் இன்னொரு கதையும் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து காந்தியோடு பணியாற்றி, சரளா பென் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் 1946இல் இமயமலை அடிவாரத்துக் கௌசானியில் மலைப் பெண்களுக்காக ஓர் ஆசிரமப் பள்ளி தொடங்கினார். லட்சுமி ஆசிரமம் என்பது அதன் பெயர். அங்கே படித்துப் பணியாற்றியவர் விமலா நௌடியால். அவரை மணக்க முன்வந்தவர் தெஹ்ரியில் காங்கிரஸ் கட்சியில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த சுந்தர்லால் பகுகுணா. விமலா ஒரு நிபந்தனை வைத்தார். கட்சி அரசியலை விட்டுவிட்டு, மலைக் கிராமத்தில் வந்து தங்கி மக்களோடு வேலை செய்ய வேண்டும். பகுகுணா ஒப்புக்கொண்டார். 1956இல் திருமணம். சில்யாராவில் ஆசிரமம் கட்டி இருவரும் வாழ்ந்தார்கள். சிப்கோ இயக்கத்தின் முகமாகப் பின்னாளில் உலகம் அறிந்த பகுகுணாவின் கிராம வாழ்க்கை, விமலா கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கியது.

சொல்வதைச் செய்கிறாயா என்பதுதான் விமலாவும் கேட்டது. ஆனால் அவர் யாருடைய வாயையும் அடைக்கக் கேட்கவில்லை. தானும் அதே வீட்டில், அதே மலையில், அதே வேலையைச் செய்யப்போகிறவராகக் கேட்டார். ஆகவே இந்தக் கேள்வியே தவறு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. யார், யாரிடம், எதைத் தவிர்க்க அல்லது எதைத் தொடங்கக் கேட்கிறார் என்பதில்தான் வேறுபாடு.

மரத்தைக் காத்தவர்களின் அடுப்பு

1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தில் நடந்தது பலருக்கும் தெரியும். 1962 போருக்குப் பிறகு ராணுவம் எடுத்துக்கொண்ட நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் என்று சொல்லி ஊர் ஆண்களைச் சமோலிக்கு வரவழைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் காட்டுக்குள் போனார்கள். ஒரு சிறுமி ஓடிவந்து சொல்ல, ஊர் மகளிர் மன்றத்தின் தலைவி கௌரா தேவி பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய் வழிமறித்தார். இந்தக் காடு எங்கள் தாய்வீடு என்று அவர்கள் சொன்னது இன்றும் நினைவுகூரப்படுகிறது. வெட்டக் குறித்திருந்த மரங்கள் ஏறத்தாழ 2,500. பெண்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள். வெட்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு மாநில அரசு அமைத்த குழுவின் பரிந்துரைப்படி, அலக்நந்தா ஆற்றின் மேல்நீர்ப்பிடிப்புப் பகுதியில் வணிகத்துக்கு மரம் வெட்டப் பத்து ஆண்டுகள் தடை வந்தது.

இந்தக் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் விடுபடும் ஒரு செய்தி உண்டு. மரத்தைக் காத்த பெண்களின் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் காட்டு விறகில்தான். மாட்டுக்குத் தழை அங்கிருந்துதான் வந்தது. தினமும் அரிவாளோடு காட்டுக்குப் போகிறவர்கள் மரம் வெட்டாதே என்று சொல்லலாமா? நம் கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால், ரேணிப் பெண்களும் போலிகள் ஆகிவிடுவார்கள்.

இது கற்பனையான குற்றச்சாட்டு அல்ல. 1975இல் அமெரிக்காவின் வேர்ல்ட்வாட்ச் நிறுவனம் விறகுத் தட்டுப்பாட்டை இன்னோர் எரிசக்தி நெருக்கடி என்று அறிவித்து அறிக்கை வெளியிட்டது. ஏழை நாடுகளின் காடு அழிவதற்கு விறகு ஒரு பெரிய காரணம் என்ற பேச்சு அதைத் தொடர்ந்து பரவியது. விறகு சுமக்கிறவள் பெண் என்பதால் பழியும் அவள் தலையில் ஏறியது. கிராமத்துப் பெண்கள் பெரும்பாலும் சுள்ளியும் காய்ந்த கிளையும் பொறுக்குகிறார்கள், காடு பெருமளவில் அழிவது விளைநிலத்துக்காகவும் வணிக மரத்துக்காகவும்தான் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அதற்குள் பல ஆண்டுகள் கடந்துவிட்டன.

ரேணிப் பெண்கள் தங்களுக்கு ஒரு விதி, பிறருக்கு ஒரு விதி கேட்கவில்லை. 1970இல் அலக்நந்தாவில் வந்த பெருவெள்ளத்தை அவர்கள் பார்த்திருந்தார்கள். சரிவில் மரம் போனால் மண்ணும் வீடும் போகும் என்று தெரிந்தவர்கள். மறுபடி துளிர்க்கும் கிளையை வெட்டுவதும் சரிவையே மொட்டையடிப்பதும் ஒன்றல்ல என்பது அவர்கள் அன்றாடத்தில் இருந்து வந்த அறிவு.

பழி வீட்டுக்குள் வந்த விதம்

சூழல் கேடு தனிமனித நடத்தையின் கோளாறு என்ற எண்ணம் தானாக வளரவில்லை. அதை வளர்ப்பதில் நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு. 1953இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் திருப்பித் தர முடியாத பீர் போத்தல்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் பானம், பொட்டலம் தயாரிக்கும் நிறுவனங்கள் சேர்ந்து அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம் என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கின. குப்பை போடும் மனிதர்களே சிக்கல் என்பது அதன் பரப்புரை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் போத்தலைத் தயாரிப்பவர் யார் என்ற கேள்வி அதில் இல்லை. 2004இல் பிபி எண்ணெய் நிறுவனம், உங்கள் அன்றாட வாழ்க்கை எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ள இணையத்தில் ஒரு கணிப்பானை வைத்தது. எண்ணெய் எடுத்து விற்பவர் வாங்குபவரைக் கணக்குக் காட்டச் சொன்னார்.

வீட்டுக்குள் வந்த இந்தக் கணக்கை வீட்டில் யார் பார்க்கிறார்கள்? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. தேவையான தடைதான். ஆனால் ஆலையிலேயே பொருளை அடைத்து வரும் உறைகளுக்குத் தொடக்கத்தில் விலக்கு இருந்தது. கடைக்காரர் தரும் பை குற்றம், நிறுவனம் ஒட்டி அனுப்பும் பொட்டலம் குற்றமில்லை. துணிப்பையைத் துவைத்து மடித்து வைப்பது, உணவகத்துக்குத் தூக்குச்சட்டி கொடுத்தனுப்புவது, வந்ததும் கழுவிக் கவிழ்ப்பது, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிப்பது ஆகிய வேலைகள் எந்த அரசாணையிலும் பெண்ணின் பெயரில் எழுதப்படவில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அவள் கைக்குத்தான் அவை வந்து சேர்ந்தன. குழந்தைக்குத் துணி அணையாடை நல்லது என்று சொல்கிற கட்டுரை, துவைப்பது யார் என்று சொல்வதில்லை.

2019 ஆகஸ்டில் 16 வயது கிரெட்டா துன்பெர்க் விமானத்தில் ஏற மறுத்து, இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து பாய்மரப் படகில் 15 நாள் பயணம் செய்து நியூயார்க் போனார். சொன்னதை இதைவிடக் கறாராகச் செய்ய முடியாது. படகைத் திருப்பிக் கொண்டுவர மாலுமிகள் விமானத்தில் போகிறார்களே என்று அடுத்த கேள்வி வந்தது. அவர் தாய் மலேனா எர்ன்மன் புகழ்பெற்ற ஓபரா பாடகி. விமானப் பயணத்தைக் கைவிட்டதால் வெளிநாட்டு மேடைகளைத் துறந்தார். மகளைக் கேலி செய்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தாய் விட்டுக்கொடுத்தது தெரியும்? தூய்மைக்கு எல்லை வைக்காதவரிடம் எவ்வளவு தூய்மையைக் காட்டினாலும் போதாது.

எதைக் கேட்கலாம்?

அப்படியானால் சூழலுக்காகப் பேசுகிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா? இல்லை. தனி விமானத்தில் பறந்து போய்ச் சிக்கனம் பேசும் செல்வந்தரைக் கேட்கத்தான் வேண்டும். பெண்களின் விடுதலையும் மண்ணின் விடுதலையும் ஒன்றென்று மேடையில் முழங்கிவிட்டு, கூட்டம் முடிந்ததும் தேநீர்க் குவளைகளைத் தோழிகள் கழுவட்டும் என்று நகர்கிற தோழரையும் கேட்க வேண்டும். வரலாறு நமக்குக் காட்டுவது கேள்வியைக் கைவிட வேண்டும் என்பதை அல்ல. அதைச் சரியான வடிவில் கேட்க வேண்டும் என்பதை.

முதலாவதாக, இவர் கேட்கும் விதி நாளை நடைமுறைக்கு வந்தால் அதிலிருந்து தனக்கு விலக்குக் கேட்பாரா என்று பார்க்கலாம். இன்று மின்சாரம் பயன்படுத்துவதாலேயே அனல்மின் நிலையத்தை எதிர்க்கும் உரிமை ஒருவருக்குப் போய்விடாது. வேறு வழி இல்லாத ஏற்பாட்டுக்குள் வாழ்ந்துகொண்டேதான் அந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்ல முடியும். சாம்பல் படியும் ஊரில் குடியிருக்கும் பெண்ணிடம் உன் வீட்டில் மின்விசிறி இல்லையா என்று கேட்பதில் நியாயம் எதுவும் இல்லை.

இரண்டாவதாக, இவருடைய எளிமைக்கான வேலையை யார் செய்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்வி கஸ்தூர்பா கேட்டது. சூழல் வரலாற்று நூல்களில் தலைவர்களின் எளிய உடையும் உணவும் விரிவாக எழுதப்படுகின்றன. அந்த உடையைத் துவைத்தவர், அந்த உணவைச் சமைத்தவர் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. மாணவிகள் இனி எழுதும் வரலாறுகளில் அவர்களைத் தேட வேண்டும்.

மூன்றாவதாக, கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். கார்சனிடம் கேட்டவர்கள் பூச்சிக்கொல்லி விற்றவர்கள். மாத்தாயிடம் கேட்டவர்கள் பூங்காவில் கட்டடம் எழுப்ப நினைத்தவர்கள். அவர்கள் யாரும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. விமலா காத்திருந்தார்.

கோரையால் பின்னிய பெட்டியை நான் மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய தேவை அப்போது மாத்தாய்க்கு இல்லை. ஏரிகளை மூடிக்கொண்டிருந்த ஆகாயத்தாமரை ஒரு வேலைக்கு ஆனது, ஒரு மரம் தப்பியது, அவ்வளவுதான். அவர் வாழ்நாளில் கென்யக் கிராமங்களில் கன்று வளர்த்த பெண்கள் பலர் இன்னும் விறகடுப்பில்தான் சமைக்கிறார்கள். அடுப்புக்கு விறகு வேண்டும் என்றுதான் அவர்கள் மரம் நட வந்தார்கள்.